எங்கள் வீட்டில் அமெரிக்கர் யார்?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கும் திருச்சிக் குடும்பம். என் கணவர் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் வந்தார். மூன்று வயது மகளுடன் நான் பின்னால் வந்து சேர்ந்தேன். மகன் இங்கே பிறந்தவன், எட்டாம் வகுப்பு படிக்கிறான். எங்கள் மூவருக்கும் கிரீன் கார்டு கிடைத்து ஐந்து ஆண்டுகள் நிறைந்துவிட்டன. சென்ற மாதம் வகுப்பில் நடந்த விவாதத்தில் ஒரு மாணவன், "உள்நாட்டுப் போரில் சண்டை போட்டவர்களின் வாரிசுகள்தான் அசல் அமெரிக்கர்கள், நீ காகிதத்தில் மட்டும்தான்" என்று என் மகனிடம் சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து, "அப்படியானால் நான் யாரம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். மகளோ யாராவது கேட்டால் தயங்காமல் தன்னை அமெரிக்கர் என்றே சொல்கிறாள். இன்னும் பத்து மாதத்தில் அவளுக்குப் பதினெட்டு வயதாகிறது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறார் கணவர். எப்படியும் நம்மை ஏற்றுக்கொள்ளப் போவதில்லை என்றால், இந்தியக் குடியுரிமையைத் துறந்துவிட்டு உறுதிமொழி எடுப்பதில் என்ன பொருள் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்பாவின் உடல்நிலைக்காக மூன்று ஆண்டுகளுக்கு முன் ஏழு மாதம் திருச்சியில் தங்கியிருந்தேன். ஊரில் என் பங்குக்குக் கொஞ்சம் நஞ்சை நிலமும் வர இருக்கிறது. எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

குடிவரவுச் சட்ட வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனின் கேள்விதான் உங்கள் மனத்தை அரிக்கிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் உங்கள் வீட்டில் அவசரமாகக் கவனிக்கப்பட வேண்டியவர் மகள். மகனுடைய நிலையை யாராலும் அசைக்க முடியாது. மகளுடைய நிலைக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே மகளிடமிருந்து தொடங்குகிறேன்.

2000-ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய குழந்தைகள் குடியுரிமைச் சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை கிரீன் கார்டுடன் இங்கே பெற்றோரின் பொறுப்பில் வாழ்ந்துவரும்போது, தாய் தந்தை இருவரில் ஒருவர் குடியுரிமை பெற்றுவிட்டால், அந்தப் பிள்ளை அந்த நிமிடமே தானாகக் குடிமகளாகிவிடுகிறாள். தனி விண்ணப்பமோ தேர்வோ உறுதிமொழியோ அவளுக்குத் தேவையில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: விண்ணப்பம் போட்ட நாளையோ நேர்காணலில் தேறிய நாளையோ சட்டம் கணக்கில் எடுப்பதில்லை, பெற்றோர் உறுதிமொழி எடுக்கும் நாள், மகளின் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு முன்பாக அமைய வேண்டும். விண்ணப்பம் முடிய ஆகும் காலம் அலுவலகத்துக்கு அலுவலகம் வேறுபடும். சில மாதங்களிலும் முடியும், ஓராண்டைத் தாண்டியும் இழுக்கும். பத்து மாதம் என்பது போதும் போதாது என்ற அளவுதான்.

எனவே யோசித்துப் பார்த்துவிட்டுப் பிறகு போடலாம் என்று இருக்காமல், கணவரை இந்த வாரமே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு முன்பாக அவர் போடட்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம், நீங்கள் ஊரில் தங்கிய அந்த ஏழு மாதம். ஆறு மாதத்துக்கு மேல் ஒரே தடவையாக வெளிநாட்டில் இருந்தால், தொடர்ந்து வசித்தல் என்ற நிபந்தனை முறிந்துவிட்டதாக அதிகாரி முதலில் கருதிக்கொள்வார். கணவரும் பிள்ளைகளும் இங்கேயே இருந்தார்கள், வீட்டு வாடகை அல்லது கடன் தவணை கட்டப்பட்டது, வருமான வரி ஒழுங்காகத் தாக்கல் செய்யப்பட்டது, தந்தையின் மருத்துவமனை ஆவணங்கள் இருக்கின்றன என்று காட்டி அந்த எண்ணத்தை மாற்ற முடியும், பலர் மாற்றியும் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும். கணவருக்கு அந்தச் சிக்கல் இல்லையென்றால் அவர் உறுதிமொழி எடுத்தாலே மகளுக்குப் போதும். நேர்காணலின்போது மகளின் பிறந்த தேதியை அதிகாரியிடம் எடுத்துச் சொல்லி, உறுதிமொழி நிகழ்ச்சிக்கு விரைவாக நாள் கேட்கலாம்.

ஒருவேளை தவறிவிட்டால்? குடி முழுகிவிடாது. பதினெட்டு நிரம்பியதும் அவளே தன் பெயரில் விண்ணப்பிக்கலாம், ஏனென்றால் அவளுடைய ஐந்தாண்டுக் கணக்கும் உங்களுடையதோடு சேர்ந்தே முடிந்துவிட்டது.

ஆனால் அதுவரை அவள் தன்னை அமெரிக்கர் என்று எங்கே சொல்லிக்கொள்கிறாள் என்பதில் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். தோழிகளிடமும் விருந்திலும் சொல்லிக்கொள்ளட்டும், அதில் ஒரு குற்றமும் இல்லை. பதினேழு வயதில் ஓட்டுநர் உரிமத்துக்காக மோட்டார் வாகன அலுவலகத்துக்குப் போவாள். அங்கே உரிம வேலையோடு வாக்காளர் பதிவையும் சேர்த்துக் கேட்பது 1993-இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் விதித்த நடைமுறை. நியூ ஜெர்சியில் பதினேழு வயதிலேயே பெயரைப் பதிந்துவைக்கவும் இடமுண்டு. "நீங்கள் அமெரிக்கக் குடிமகனா?" என்ற கேள்வியும் பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு சிறு கட்டங்களும் இருக்கும். பின்னால் வரிசை நீண்டிருக்கும், கவுன்டரில் இருப்பவர் அவசரப்படுத்துவார், மூன்று வயதிலிருந்து இங்கேயே வளர்ந்த பெண் இயல்பாக 'ஆம்' என்பதில் குறியிட்டுவிடுவாள். 1996-இல் கடுமையாக்கப்பட்ட குடிவரவுச் சட்டத்தில், குடிமகன் அல்லாதவர் தன்னைக் குடிமகன் என்று பொய்யாகக் கூறுவது, நாடுகடத்தலுக்கும் நிரந்தரத் தடைக்கும் வழிவகுக்கும் குற்றமாக இருக்கிறது. திருட்டு வழக்குக்குக்கூட மன்னிப்புக் கோர வழி இருக்கும். இதற்குப் பெரும்பாலும் இல்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்ற விளக்கமும் எளிதில் எடுபடாது. வேலைக்குச் சேரும்போது நிரப்பும் ஐ-9 படிவத்திலும், கல்லூரி உதவித்தொகைப் படிவத்திலும் இதே கேள்வி வரும். அங்கெல்லாம் குடிமகள் என்பதைத் தொடாமல், கிரீன் கார்டு வைத்திருக்கும் நிரந்தரக் குடியிருப்பாளருக்கு உரிய கட்டத்தைத்தான் குறிக்க வேண்டும் என்று அவளை உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

இதைக் கேட்டு, குடியேறிகளுக்கு மட்டும்தான் இந்தக் கெடுபிடி என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கன் சமோவா என்ற பசிபிக் தீவுகள் 1900 முதல் அமெரிக்கக் கொடியின் கீழ் இருப்பவை. அங்கே பிறந்தவர்கள் அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார்கள், அமெரிக்க ராணுவத்தில் பெரும் எண்ணிக்கையில் சேர்கிறார்கள். ஆனால் சட்டத்தின் பார்வையில் அவர்கள் அமெரிக்க நாட்டைச் சேர்ந்தவர்களே தவிர, பிறப்பால் அதன் குடிமக்கள் இல்லை. அலாஸ்காவில் விட்டியர் என்ற சிற்றூரில் குடியேறிய சமோவாக்காரர்கள் சிலர் வாக்களித்துவிட்டு, குடிமக்கள் என்று பொய் சொன்னதாக வழக்கில் மாட்டிக்கொண்டார்கள். இரண்டு கட்டங்கள் கொண்ட படிவத்தில் அவர்களுக்குப் பொருந்தும் மூன்றாவது கட்டம் இல்லை.

இனி உங்களைப் பற்றி. உறுதிமொழி எடுத்த பிறகும் இரண்டாந்தரமாகத்தானே இருப்போம் என்ற ஐயம் உங்களுக்கு இருக்கிறது. அரசியலமைப்பின் பதினான்காவது திருத்தம், இங்கே பிறந்தவர்களையும் இங்கே குடியுரிமை பெற்றவர்களையும் ஒரே வாக்கியத்தில், இடையில் எந்த ஏற்றத்தாழ்வும் இல்லாமல் வைத்திருக்கிறது. 1964-இல் ஷ்னைடர் வழக்கில் உச்ச நீதிமன்றம், இருவரின் உரிமைகளும் ஒரே மதிப்பும் ஒரே பரப்பும் கொண்டவை என்றும், அதிபர் பதவிக்குத் தகுதி என்ற ஒன்றைத் தவிர வேறுபாடு இல்லை என்றும் சொன்னது. அதிபராகும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் மட்டும் நான் வேறு பதில் எழுத வேண்டியிருக்கும்.

ஒரேயொரு நடைமுறை வேறுபாட்டை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்தின் மூலம் பெற்ற குடியுரிமையை, அது சட்டத்துக்குப் புறம்பாகப் பெறப்பட்டது அல்லது முக்கியமான உண்மையை மறைத்துப் பெறப்பட்டது என்று நீதிமன்றத்தில் நிரூபித்து அரசு ரத்து செய்ய முடியும். நெடுங்காலமாக அரிதாகவே பயன்பட்ட இந்த அதிகாரத்துக்கு முன்னுரிமை கொடுக்கும்படி 2025 ஜூனில் அரசின் நீதி அமைச்சகம் தன் வழக்கறிஞர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. இதற்காகப் பயப்படத் தேவையில்லை. ஆனால் குடியுரிமைக்கான விண்ணப்பமாகிய என்-400 படிவத்தை அலட்சியமாக நிரப்பக் கூடாது. வெளிநாட்டுப் பயணத் தேதிகள், பழைய முகவரிகள், தள்ளுபடியான வழக்காக இருந்தாலும் அதன் விவரம் ஆகிய எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். பாஸ்போர்ட் முத்திரைகளைப் பார்த்துத் தேதிகளை ஒரு தாளில் குறித்துவைத்துக்கொண்டு பிறகு படிவத்தில் உட்காருவது நல்லது.

உறுதிமொழியில் பிற நாடுகளின் மீதான விசுவாசத்தை முற்றாகத் துறக்கிறேன் என்ற வரி வரும்போது தொண்டை அடைக்கிறது என்று என்னிடம் வருபவர்களில் பலர் சொல்கிறார்கள். அந்த வலியைச் சட்டத்தால் தீர்க்க முடியாது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. 1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின்படி, நீங்களாக விரும்பி வேறு நாட்டின் குடியுரிமையைப் பெறும் கணத்தில் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் பெற்று, அதன் பின், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஓசிஐ வைத்திருப்பவர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. ஆனால் தந்தை வழியில் பங்காக வரும் நஞ்சை உங்களுக்கு வருவதை அது தடுக்காது. பாகப் பத்திரம் எழுதும் முன் திருச்சியில் ஒரு வழக்கறிஞரிடம் வாசகத்தைக் காட்டிக்கொள்ளுங்கள்.

மகனின் கேள்விக்கு வருகிறேன். சட்டப்படியான விடை சிறியது: அமெரிக்க மண்ணில் பிறந்தான், ஆகவே பிறந்த நொடியிலிருந்து அமெரிக்கன். தந்தை அப்போது எச்-1பி விசாவில் இருந்தார் என்பது அதை மாற்றாது. 2025 ஜனவரி 20 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட ஆணை, தாய் சட்டவிரோதமாகவோ தற்காலிக விசாவிலோ இருந்து, தந்தை குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இல்லாவிட்டால் பிள்ளைக்குப் பிறப்புரிமைக் குடியுரிமை இல்லை என்றது. கீழமை நீதிமன்றங்கள் அதைத் தடுத்து நிறுத்தின. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. உங்களைப் போன்ற குடும்பங்களைத்தான் அந்த ஆணை குறிவைக்கிறது என்பதால் கலக்கம் இயல்பே. ஆனால் ஆணையின் வாசகப்படியே, அது கையெழுத்தாகி முப்பது நாள் கழித்துப் பிறக்கும் குழந்தைகளுக்குத்தான் பொருந்தும். எட்டாம் வகுப்பு மாணவனை அது தொடவே இல்லை.

அந்த வகுப்புத் தோழன் எடுத்து வீசிய வாதம் அவனுடைய சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 2025 ஜூலையில் துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் ஓர் உரையில், சில கொள்கைகளை ஏற்பதை மட்டும் வைத்து அமெரிக்கர் யார் என்று வரையறுக்க முடியாது என்றும், உள்நாட்டுப் போரில் போரிட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கு இங்கே இடமில்லை என்று பேசுகிறவர்களைவிட, அந்த வழித்தோன்றல்களுக்கே நாட்டின் மீது அதிக உரிமை உண்டு என்றும் சொன்னார். 'பாரம்பரிய அமெரிக்கர்' என்ற பேச்சு வலதுசாரி வட்டாரங்களில் பரவலாகியிருக்கிறது. வான்ஸின் குடியரசுக் கட்சியையே சேர்ந்தவரும், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தின் மகனாக ஒஹாயோவில் பிறந்தவருமான விவேக் ராமசாமி, ஒருவர் அமெரிக்கராக இருக்கலாம் அல்லது இல்லாமல் இருக்கலாம், ஒருவரைவிட இன்னொருவர் கூடுதல் அமெரிக்கர் என்பது கிடையாது என்று அதை வெளிப்படையாக எதிர்த்தார். ஆக, இந்தச் சண்டை ஒரு கட்சிக்குள்ளேயே ஓய்ந்தபாடில்லை.

முன்னோர் செய்த தியாகத்தை மதிக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கோரிக்கை என்றே நான் நினைக்கிறேன். அதைக் குடியுரிமையின் அளவுகோலாக ஆக்கும்போதுதான் வரலாறு இடிக்கிறது. அடிமை முறையை ஒட்டி அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போருக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1857-இல், டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள், சுதந்திரமாக இருந்தாலும்கூட, குடிமக்களாக முடியாது என்று தீர்ப்பளித்தது. அவர்களிலிருந்து ஏறத்தாழ 1,80,000 பேர் வடபகுதிப் படையில் சேர்ந்து போரிட்டார்கள். அதே படையில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் அதில் மிகுதி. போர் முடிந்து 1868-இல் நிறைவேறிய பதினான்காவது திருத்தம், பிறந்த மண்ணைக் கேள் என்று சொல்லி வம்சாவளியை ஒதுக்கிவைத்தது. உங்கள் மகனைக் குடிமகனாக்கும் அந்த வாக்கியமே அந்தப் போர் பெற்றுத் தந்தது. யார் முன்னோர் போரிட்டார்கள் என்று கேட்கும் மாணவனுக்கு, அந்தப் போர் எதை எழுதிவைத்துவிட்டுப் போனது என்று அடுத்த கேள்வி கேட்கலாம்.

முன்னோர் கணக்குத்தான் கணக்கு என்றால் முதலிடம் யாருக்குப் போக வேண்டும்? வின்னபேகோ என்ற அமெரிக்கப் பழங்குடியில் பிறந்த ஜான் எல்க், தன் குலத்தை விட்டு விலகி நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரில் வாழ்ந்து, 1880-இல் வாக்காளராகப் பதியச் சென்றார். பதிய மறுத்துவிட்டார்கள். பழங்குடியில் பிறந்தவர் பிறப்பால் குடிமகன் அல்லர் என்று 1884-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பழங்குடியினர் அனைவருக்கும் குடியுரிமை தரும் சட்டம் 1924-இல்தான் வந்தது.

எல்க்குக்கு எதிராகத் தீர்ப்பெழுதிய அதே நீதிபதி ஹோரஸ் கிரே, 1898-இல் வோங் கிம் ஆர்க் வழக்கில், சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த சமையல்காரர் ஒருவர் பிறப்பால் அமெரிக்கக் குடிமகனே என்று எழுதினார். பெற்றோரோ அன்றைய சட்டப்படி ஒருநாளும் குடியுரிமை பெற முடியாதவர்கள். சீனாவுக்குப் போய்விட்டுத் திரும்பியவரைக் கரையிறங்க விடாமல், துறைமுகத்தில் நின்ற கப்பல்களிலேயே மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். ஆறுக்கு இரண்டு என்று அவர் வென்றார். இனப் பாகுபாட்டுக்கு எதிரான தனிக்குரலாகப் பள்ளிகளில் இன்றும் கற்பிக்கப்படும் நீதிபதி ஹார்லன், இந்த வழக்கில் அவருக்கு எதிரான பக்கத்தில் நின்றார் என்பதை வரலாற்று ஆசிரியர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 1901-இல் டெக்சாஸின் எல் பாசோவில், சட்டவிரோதமாக நுழைந்த சீனர் என்று அதே மனிதரைக் கைது செய்தார்கள். தன் பெயரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருந்தும் அவர் மறுபடி தன்னை நிரூபிக்க வேண்டியதாயிற்று.

இந்தியர் ஒருவரின் வழக்கையும் உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். பஞ்சாபில் பிறந்த பகத் சிங் திந்த் 1913-இல் இங்கே வந்தவர். முதல் உலகப் போரின்போது தலைப்பாகையோடு அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். 1918 டிசம்பரில் சீருடையிலேயே சென்று குடியுரிமைச் சான்றிதழ் வாங்கினார். நான்கே நாளில் ரத்து செய்தார்கள். 1920-இல் ஒரிகானில் ஒரு நீதிபதி மீண்டும் கொடுத்தார். அரசு விடவில்லை. வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டுமே விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்ற காலம் அது. அன்றைய இனவியல் வகைப்பாட்டின்படி வட இந்தியர் காகசியர் என்பதால் தாம் வெள்ளையரே என்று திந்த் வாதாடினார். 1923-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, அறிவியல் என்ன சொன்னாலும் சாமானிய மனிதனின் பார்வையில் இவர் வெள்ளையர் இல்லை என்று சொல்லிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான், ஜப்பானியரான ஒசாவாவின் தோல் வெளுப்பாக இருந்தாலும் அவர் காகசியர் இல்லை என்று அதே நீதிமன்றம் தள்ளியிருந்தது. திந்த் தீர்ப்புக்குப் பின் முன்பே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. போர் வீரர்களுக்கான தனிச் சட்டம் ஒன்று 1935-இல் வந்த பிறகே, 1936-இல் திந்த் குடிமகனானார். மற்ற இந்தியர்களுக்கு அந்தக் கதவு 1946-இல்தான் திறந்தது.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், உங்கள் தயக்கத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன என்று எனக்குத் தோன்றுவதுதான். குடியுரிமையை யார் தருவது என்பது ஒன்று; பக்கத்து மேசைக்காரன் மனமார ஏற்பானா என்பது இன்னொன்று. திந்த் காலத்தில் சாமானியனின் பார்வையே சட்டமாக இருந்தது. அதனால் மறுக்கப்பட்டால் போக்கிடம் இல்லை. இன்று சட்டம் அந்தப் பார்வையைக் கேட்பதில்லை. கேட்பதை யாரும் நிறுத்தவில்லை என்பதும் உண்மைதான்: சென்னையில் பிறந்து இங்கே படிக்க வந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், ஓக்லண்டில் பிறந்து, மாநில அட்டர்னி ஜெனரலாகவும் செனட்டராகவும் இருந்த பிறகும், 2020-இல் அவர் பிறந்தபோது பெற்றோர் என்ன நிலையில் இருந்தார்கள் என்று கிளறி, துணை அதிபராகும் தகுதி அவருக்கு உண்டா என்று கேட்டு ஒரு சட்டப் பேராசிரியர் வார இதழில் கட்டுரை எழுதினார். ஹாரிஸ் அதற்காகப் போட்டியிலிருந்து விலகவில்லை. எல்லோரும் ஏற்கும் நாள் வரட்டும், பிறகு உறுதிமொழி எடுக்கலாம் என்று நீங்கள் காத்திருந்தால், இடையில் மகளின் பிறந்தநாள் கடந்துபோகும், உங்களுக்கு ஒரு தேர்தலில்கூட வாக்கு இருக்காது.

பள்ளி விஷயத்தில் ஒரு வார்த்தை. விவாத வகுப்பில் ஒருமுறை சொல்லப்பட்ட கருத்துக்காகப் புகார் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. அமைச்சர்களும் செனட்டர்களும் பொதுமேடையில் வாதிடும் விஷயத்தைப் பதின்மூன்று வயதுப் பையன் வகுப்பில் சொன்னதற்கு, மறுவாதம்தான் சரியான பதில். ஆசிரியரிடம் பேசி, பதினான்காவது திருத்தம் பற்றி மகன் வகுப்பில் பேச வாய்ப்புக் கேளுங்கள். ஆனால் அது நடைபாதையிலும் உணவுக்கூடத்திலும் திரும்பத் திரும்ப வரும் ஏளனமாக மாறினால் நிலைமை வேறு. நியூ ஜெர்சியில் 2011 முதல் நடைமுறையில் இருக்கும் சீண்டலுக்கு எதிரான சட்டம், வம்சாவளியையும் பூர்வீக நாட்டையும் காரணமாகக் கொண்ட துன்புறுத்தலை வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. ஒவ்வொரு பள்ளியிலும் இதற்கென ஒரு பொறுப்பாளர் இருப்பார், புகார் வந்தால் பள்ளி விசாரித்தே ஆக வேண்டும். அப்போது தொலைபேசியில் சொல்லாமல், என்று, எங்கே, என்ன சொல்லப்பட்டது, யார் உடனிருந்தார்கள் என்று தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட தேதியைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.